பதினாலு மில்லிமீட்டர்

இசைவாணியால் தலையை வலப்பக்கமாகச் சாய்த்துக் குனிய முடியாது. பதினோரு வயதில், அம்மா சின்னத்தாய்க்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோன அன்று, பட்டாசுக் கம்பெனியில் ஒரு மருந்து அறை வெடித்தது. திரும்பி ஓடியவளை நெருப்பு பின்னாலிருந்து வந்து பிடித்தது. இடது காதுக்குப் பின்னால் தொடங்கி, பிடரி வழியாகத் தோள்வரை தோல் பொசுங்கிப் பிறகு சுருங்கிப்போனது. குனிந்தால் அந்த இடம் விண்ணென்று இழுக்கும். வம்பாகக் குனிந்தால் வெடித்து நீர் கசியும்.

அப்படிப்பட்டவள் இருபத்து மூன்று வயதில் துப்பாக்கி பிடித்ததற்குக் காரணம் ஓர் அச்சு ஆர்டர். திருத்தங்கலில் காலண்டர் அடிக்கும் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பவள் அவள். 2006-இல் விருதுநகர்ப் பக்கம் ஒரு துப்பாக்கி கிளப்பிலிருந்து குறி அட்டை அடிக்க ஆர்டர் வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டங்கள்; நட்ட நடுவில் அரை மில்லிமீட்டர் புள்ளி. அந்தப் புள்ளியில் பட்டால் பத்து. மாதிரி அட்டையைக் கொண்டுபோய்க் காட்டியபோது, அங்கே பயிற்சியில் இருந்த பாண்டிமீனா அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.

"இம்புட்டுச் சுத்தமா வச்சிருக்கியே, ஒரு தடவ சுட்டுப் பாக்க வேண்டாமா?"

"ஐயோ, வேண்டாம்க்கா. எனக்குச் சத்தம்னாலே ஆகாது."

"இது மருந்து துப்பாக்கி இல்ல பிள்ள. காத்துல சுடுறது. உள்ள வெறும் காத்துதான் இருக்கு."

"மருந்தும் பாக்கறதுக்கு வெறும் தூளுதான்க்கா" என்றாள் இசைவாணி.

பாண்டிமீனா சிரிக்கவில்லை. அவளுடைய கழுத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் துப்பாக்கியைக் கீழே வைத்தாள். அவள் சிரிக்காததால்தான் இசைவாணி அடுத்த வாரமும் போனாள்.

பாண்டிமீனாவின் அப்பா ஒச்சப்பனுக்குச் சூலக்கரை தாண்டிப் பருத்திக் காடு இருந்தது. அதன் ஓரத்தில் நீளமான ஒரு தகரக் கொட்டகை; அதுதான் கிளப். பத்து மீட்டர் தள்ளிக் குறி அட்டைகள் தொங்கும். கிளப்புக்கு இருந்தவை இரண்டே துப்பாக்கிகள். பழகியவர்கள் எல்லோரும் நின்று சுடுவார்கள். இசைவாணி மட்டும், புதிதாக வருகிறவர்களைப் போல, மேஜைமுன் உட்கார்ந்து, துப்பாக்கியை மணல் பையில் தாங்கிச் சுடுவாள். ஒவ்வொரு தடவையும் குழாயின் அடியில் இருந்த காற்று உருளை கன்னத்துக்குப் பக்கத்தில் வரும்போது அவளுக்கு உள்ளங்கை வேர்க்கும். இருந்தும், விசையை இழுத்து 'டப்' என்று சின்னதாக ஒரு சத்தம் வந்து, ஒன்றும் ஆகாமல் போகும் அந்த நொடிக்காகவே அவள் வந்தாள். சத்தம் கேட்ட பிறகும் தான் முழுசாக இருப்பதை உடம்புக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுப்பது போல இருந்தது அது.

கழுத்துதான் தொந்தரவு. பார்க்கும் துளையில் கண் வைக்கக் குனிய வேண்டும். நாலு மாதத்தில் மூன்று முறை தழும்பு வெடித்துவிட்டது. சின்னத்தாய் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டே திட்டுவாள்: "உனக்கு எதுக்குடி இந்தப் பெரிய வீட்டு வெளாட்டு? அவுக காட்டுல கூலிக்கு நின்ன சனம் நாம. மறந்துட்டியா?"

ஒரு நாள் பாண்டிமீனா அவளைக் கண்ணை மூடித் தலை நிமிர்ந்து உட்காரச் சொன்னாள். துப்பாக்கியைத் தோளில் சரியாகப் பொருத்திவிட்டு, "இப்ப கண்ணத் தெற" என்றாள். கண்ணுக்கும் துளைக்கும் இடையே அளவுகோலை வைத்துப் பார்த்தாள்.

"பதினாலு மில்லிமீட்டர். உன் தலை கீழ வரமாட்டேங்குதுன்னா சைட்ட, இந்தப் பாக்குற துளைய, மேல தூக்குவோம். முன்னால ஒரு கட்டை, பின்னால ஒரு கட்டை. ரெண்டும் ஒரே உயரம். சோலி முடிஞ்சது."

அச்சகத்தில் மெஷின் பழுது பார்க்கும் உக்கிரபாண்டி அண்ணன், அலுமினியத்தில் இரண்டு கட்டைகளை மயிரிழை பிசகாமல் ராவிக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் அவற்றைத் துப்பாக்கியில் பூட்டினார்கள். முன் சைட் ஒரு கட்டைமேல், பின் சைட் ஒரு கட்டைமேல். கன்னம் வைக்கும் பலகையையும் அதற்குத் தக்கபடி உயர்த்தினார்கள். கிளப் செயலாளர் தனுஷ்கோடி, பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர், தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி, "பயந்த கையில துப்பாக்கியக் குடுக்காத மீனா. நான் சொன்னாக் கேக்க மாட்ட" என்றார். அவர் எப்போதும் சொல்வதுதான்.

இசைவாணி உட்கார்ந்து கன்னத்தை வைத்தாள். கழுத்து இழுக்கவில்லை. நிமிர்ந்த தலை நிமிர்ந்தபடியே இருக்க, துளைக்குள் கறுப்பு வட்டம் வந்து நின்றது. நம்ப முடியாமல் ஒருமுறை கண்ணை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

முதல் குண்டு. வலப்பக்கம் முக்காலியில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த பாண்டிமீனா, "கீழ போயிருச்சு. நாலு" என்றாள். "பயப்படாத. அப்படித்தான் போகும். சைட்ட எம்புட்டுத் தூக்குனமோ அம்புட்டுக் கீழ படும். பின் சைட்டுத் திருக மேல் பக்கமாத் திருப்பு. எண்ணிக்கிட்டே திருப்பு."

இசைவாணி திருப்பினாள். கிளிக், கிளிக், கிளிக். இரண்டாவது குண்டு ஏழில் பட்டது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். மூன்றாவது ஒன்பது.

"ஏ பிள்ள!" பாண்டிமீனா தொடையில் தட்டிக்கொண்டாள். தொலைநோக்கியை விட்டு முகத்தை எடுத்து அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

துப்பாக்கியை இன்னும் ஒரு விரற்கடை தாழ்த்தினால் தோளுக்குச் சுகமாக இருக்கும் என்று இசைவாணிக்குத் தோன்றியது. மணல் பையைக் கையால் தட்டி அமுக்கினாள். துளையில் கண் வைத்தாள். வட்டம் தெளிவாகத் தெரிந்தது. மூச்சை நிறுத்தினாள். கை ஆடவில்லை. இந்த ஒன்றை மட்டும் பிறகு எத்தனையோ தடவை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்: கை ஆடவில்லை.

விசையை இழுத்தாள். வழக்கமான 'டப்' வரவில்லை. 'டிங்' என்று இரும்பில் கல் பட்டாற்போல ஒரு சத்தம். பக்கத்தில் முக்காலி சாய்ந்தது. பாண்டிமீனா இரண்டு கையாலும் வலக்கண்ணைப் பொத்தியபடி மண்ணில் மண்டியிட்டிருந்தாள். விரல் சந்துகள் வழியாக ரத்தம் இறங்கியது.

இசைவாணி கத்தினாளா என்பது அவளுக்கே தெரியாது. காதுக்குள் பழைய நெருப்பின் இரைச்சல் மட்டும் கேட்டது. தனுஷ்கோடி ஓடிவந்து பாண்டிமீனாவைத் தூக்கினார். "நான் அப்பவே சொன்னேன்! நடுங்குற கையில குடுக்காதன்னு அப்பவே சொன்னேன்!" என்று அவர் கத்தியதுதான் தெளிவாகக் கேட்ட முதல் சொல்.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஒச்சப்பனும் அவர் மகன் பாண்டிமுருகனும் காரில் வந்து இறங்கினார்கள். பாண்டிமுருகன் வாசலில் நின்று, "எவ சுட்டது?" என்று கேட்டான். குரலை உயர்த்தக்கூட இல்லை. தனுஷ்கோடி திரும்பிப் பார்ப்பதற்குள் இசைவாணி தூணுக்குப் பின்னால் போய், அங்கிருந்து பக்கவாட்டு வழியாக வெளியேறி, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். டிக்கெட் எடுக்கும்போதுதான் சுடிதார்க் கையில் பாண்டிமீனாவின் ரத்தம் இருப்பதைப் பார்த்தாள். துப்பட்டாவை இழுத்து அதை மூடிக்கொண்டாள்.

சின்னத்தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "கண்ணா? அந்தப் பிள்ள கண்ணா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு எழுந்து வாசல் கதவைத் தாழ் போட்டாள். பட்டப்பகலில் அந்த வீட்டுக் கதவைத் தாழ் போட்டு இசைவாணி பார்த்ததில்லை.

"எட்டயபுரத்துல உங்க சித்தி வீட்டுக்குப் போயிருவோம். கம்பெனி வேன்காரன்ட்ட சொல்லிக்கிறேன், ஒரு மாசம் வேலைக்கி வரலன்னு."

"ஓடுனா நான் வேணும்னு செஞ்ச மாதிரி ஆயிரும்மா."

"நீ ஏற்கெனவே ஓடித்தான வந்திருக்க?"

இருந்தும் மறுநாள் இசைவாணி வழக்கம்போல அச்சகத்துக்குக் கிளம்பினாள்.

திங்கள், செவ்வாய். மதுரையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கேட்க யாரும் இல்லை. தெருவில் பைக் சத்தம் கேட்டாலே தாயும் மகளும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அது கடந்துபோன பிறகு, விட்ட இடம் மறந்துபோயிருக்கும். புதன்கிழமை மத்தியானம் அச்சக வாசலில் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பாண்டிமுருகன் வந்து நின்றான். ஜன்னல் வழியாகப் பார்த்த இசைவாணி தாள் கட்டுகள் அடுக்கியிருந்த அறைக்குள் ஓடி, கட்டுகளுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்துகொண்டாள். கழுத்து மடங்கி, தழும்பு எரிந்தது. வெளியே அவன் குரல் கேட்டது: "இசைவாணிங்கிறது இங்கனதான வேலை பாக்குது?" உக்கிரபாண்டி அண்ணன் வாய் கூசாமல், "லீவுங்க. ஊருக்குப் போயிருக்கு" என்றார். பைக் கிளம்பிப் போனது. அவள் வெளியே வர அரை மணி நேரம் ஆனது. 

வியாழக்கிழமை காலை முதலாளி ஒரு தாளைக் கொண்டுவந்து அவள் மேஜையில் போட்டார். "உன் கிளப்புலருந்து போன். குறி அட்டை எரநூறு, நாளைக்கே வேணுமாம். சனிக்கெழம ஏதோ ஸ்கூல் பொம்பளப் பிள்ளைக முப்பது பேரு வருதாம், பழக."

இசைவாணி அந்தத் தாளைத் திரும்ப வாசித்தாள். புதுப் பிள்ளைகளை எப்போதும் மேஜைமுன் உட்கார வைத்துத்தான் சுடச் சொல்வார்கள். அதே மேஜை. இருக்கிற இரண்டு துப்பாக்கிகளில் ஒன்று, அவள் கட்டை பூட்டிய துப்பாக்கி. கையைப் பழி சொல்லிவிட்ட தனுஷ்கோடி, துப்பாக்கியை ஏன் சோதிக்கப் போகிறார்?

தன் கை ஆடவில்லை என்றால் அந்தக் குண்டு எதில் பட்டது? நான்கு நாளாகப் பயம் இந்தக் கேள்வியை யோசிக்கவே விடவில்லை. இப்போது கம்ப்யூட்டரில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள். காலண்டர்க் கட்டம் போடுவது போலவே, துப்பாக்கியைப் பக்கவாட்டில் அளவோடு வரைந்தாள். குழாய் ஒரு கோடு. கண் பார்க்கும் பாதை அதற்கு மேலே இன்னொரு கோடு. முன்பு இரண்டுக்கும் இடையே முப்பத்தைந்து மில்லிமீட்டர். கட்டை வைத்த பிறகு நாற்பத்தொன்பது. கிட்டத்தட்ட மூன்று விரல் அகலம். அப்புறம்தான் அந்தக் கம்பி ஞாபகத்துக்கு வந்தது. குறிப் பக்கம் ஆட்களோ ஆடுகளோ குறுக்கே போகாமல் இருக்க, மேஜைக்கு முன்னால் இடுப்பளவில் புதிதாக ஓர் இரும்புக் கம்பியை வெல்டு வைத்திருந்தார்கள். துப்பாக்கி வாயிலிருந்து ஒரு முழம்கூட இருக்காது. நின்று சுடுகிறவர்களுக்கு அது எங்கோ கீழே கிடக்கும். உட்கார்ந்து சுடுகிறவளுக்கு?

கம்பியை ஒரு சின்ன வட்டமாக வரைந்தாள். கண்ணின் கோடு அதன் தலைக்குச் சற்று மேலே போனது. குழாயின் கோடு நேராகப் போய் அதில் முட்டியது.

அவள் கண் கம்பியைத் தாண்டியிருக்கிறது. குண்டு தாண்டவில்லை. கம்பியில் பட்டுச் சிதறிய ஈயம்தான் பாண்டிமீனா முகத்தில் தெறித்திருக்கிறது. கை நடுங்கியதால் வந்த வினை இல்லை. அவள் ஆசைப்பட்டு வாங்கிப் பூட்டிய கட்டையால், தட்டி அமுக்கிய மணல் பையால் வந்தது. இதைப் போய்ச் சொன்னால், 'நான்தான் காரணம்' என்று தன் வாயாலேயே சொன்னதாகிவிடும்.

கிளப்புக்குப் போன் போட்டாள். தனுஷ்கோடி அவள் குரலைக் கேட்டதுமே வைத்துவிட்டார். மறுபடி போட்டபோது எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை குறி அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். அம்மாவிடம் சொல்லவில்லை. சூலக்கரையில் இறங்கிக் காட்டுப் பாதையில் நடக்கும்போது, திரும்பிவிடலாம் என்று மூன்று இடத்தில் நின்றாள். கொட்டகை வாசலில் அந்தப் பைக் நின்றிருந்தது. அட்டைகளை மார்போடு அணைத்தபடி நுழைந்தாள். உள்ளே தனுஷ்கோடி இல்லை. பாண்டிமுருகன் மட்டும், சரியாக அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான்.

"ஊருக்குப் போயிட்டன்னு சொன்னாக?"

"போகல. ஒளிஞ்சிருந்தேன்." குரல் கிறீச்சிட்டது. "அண்ணே, என்னைய என்ன செய்யணுமோ செஞ்சுக்கங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு காட்டணும். நாளைக்குப் பிள்ளைக வருது."

அவன் மேஜையை விட்டு நகர்ந்து வழி விட்டான். அவள் துப்பாக்கியை எடுத்தாள். குண்டு போடும் இடத்தைத் திறந்து, காலியாக இருப்பதை அவனுக்குக் காட்டினாள். கை இப்போது நடுங்கியது, நன்றாகவே நடுங்கியது. துப்பாக்கியை மணல் பையில் அன்றைக்கு இருந்த மாதிரியே வைத்தாள்.

"உக்காந்து பாருங்க. என்ன தெரியுது?"

அவன் உட்கார்ந்து கண் வைத்தான். "வட்டம் தெரியுது."

"குறுக்க எதுவும் தெரியுதா?"

"இல்ல. சுத்தமாத் தெரியுது."

"அப்படியே பாத்துக்கிட்டே இருங்க. அசையாதீக." துப்பாக்கி சுத்தம் செய்யும் நீளக் குச்சியை எடுத்துக் குழாயின் வாய் வழியாக உள்ளே விட்டாள். பிறகு அதைக் குழாய்க்கு நேராக, மெல்ல வெளியே இழுத்தாள். ஒன்றரைச் சாண் வந்ததும் குச்சியின் முனை இரும்புக் கம்பியில் போய் 'டிக்' என்று முட்டி நின்றது.

பாண்டிமுருகன் துளையிலிருந்து கண்ணை எடுத்துக் குச்சியைப் பார்த்தான். மறுபடி துளையில் பார்த்தான். எழுந்து போய்க் கம்பியைத் தடவினான். குச்சி முட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே, பெயின்ட் உரிந்து, சாம்பல் நிறத்தில் ஈயம் தீற்றியிருந்தது.

"அந்தக் கட்டை இல்லாட்டி?"

"இல்லாட்டி நான் பாக்கையிலேயே கம்பி தெரிஞ்சிருக்கும். இம்புட்டுத் தாழ்த்தியும் வச்சிருக்க மாட்டேன். கட்டை எனக்காகப் போட்டதுதான். நான்தான் காரணம்." சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எந்தப் பக்கத்திலிருந்து அடி விழும் என்று உடம்பு காத்திருந்தது.

அடி விழவில்லை. கண் திறந்தபோது அவன் கம்பியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தக் கம்பிய வெல்டு வச்சது நான்" என்றான். "தனுஷ்கோடி மாமா இன்னும் கீழ வைக்கச் சொன்னாரு. ஆடு தாண்டிருமேன்னு நான்தான் இந்த ஒசரத்துல வச்சேன்."

வெளியே பருத்திக் காட்டில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்காவுக்குக் கண்ணு..." என்று இழுத்தாள்.

"புருவத்துக்கும் இமைக்கும் நடுவுல ஈயத் துண்டு. எடுத்துட்டாக. கண்ணுக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. கரைஞ்சாத்தான் சொல்ல முடியும்கிறாக." அவன் கறுப்புக் கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, போடாமல், திரும்பப் பையிலேயே வைத்தான். "அன்னைக்கி அச்சாபீசுக்கு ஒன்னைய அடிக்கவா வந்தேன்? 'வாணி எப்படியிருக்கா, வாணியக் கூட்டிட்டு வா'ன்னு அக்கா உசுர வாங்குச்சு. நீ தீப்பட்ட பிள்ளையாமே, ரத்தத்தப் பாத்து என்னாச்சோன்னு ஒரே பொலம்பல்."

இசைவாணி மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஐந்து நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் கம்பியை அறுத்து எடுத்தார்கள். தனுஷ்கோடி வந்து குச்சியை விட்டு அவரே ஒருமுறை பார்த்தார். அவளிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. உட்கார்ந்து சுடும்போது குழாய்க்கு நேராக எதுவும் இருக்கக் கூடாது என்று மட்டும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். மறுநாள் முப்பது பிள்ளைகளும் வந்து சுட்டுவிட்டு, சிரித்துப் பேசியபடி பஸ் ஏறிப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போனபோது சின்னத்தாயும் கூட வந்தாள். ஆஸ்பத்திரி அறைக்கு வெளியே ஒச்சப்பன் உட்கார்ந்திருந்தார். சின்னத்தாய் வழக்கம்போல ஒதுங்கி நின்று, "பிள்ள எப்படியிருக்குங்க, ஐயா?" என்றாள். அவர் அவர்களை வெகுநேரம் பார்த்துவிட்டு, "உள்ள போங்க. தேடிக்கிட்டு இருக்கா" என்றார். அவர் முகத்தில் கோபம் இன்னும் இருந்தது. மகளுக்காக அடக்கிக்கொண்டிருக்கிறார் என்பது இசைவாணிக்குப் புரிந்தது.

பாண்டிமீனா வலக்கண்ணில் கட்டோடு படுத்திருந்தாள். இசைவாணியின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. உரத்த குரலில் பேசிப் பழகியவள், அன்று அடங்கிய குரலில் பேசினாள்.

"முருகன் சொன்னான், குச்சி விட்டுக் காட்டுனியாமே. அதை முன்னமே பாத்திருக்க வேண்டியவ நான். எனக்குத் தோணல பாரு." மறு கையால் கட்டின் ஓரத்தைத் தொட்டாள். "வாணி, ஒண்ணு கேக்கேன். கண்ண மூடுனா அந்த 'டிங்' கேக்குது. ஒவ்வொரு தடவையும் தூக்கி வாரிப்போடுது. இது எத்தன நாளைக்கு இருக்கும்?"

எல்லோரும் இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றுதான் அவளிடம் சொல்லியிருப்பார்கள். இசைவாணிக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"போகாதுக்கா" என்றாள். "எனக்குப் பன்னெண்டு வருசமாச்சு. போகல. ஆனா அது கேக்குறப்பவே சோறு பொங்கலாம், வேலைக்கிப் போகலாம். அப்படிப் பழகிரும்."

பாண்டிமீனா அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் ரத்தம் கரைந்தது. பார்வை திரும்பியது, சாயங்கால வெளிச்சத்தில் மட்டும் அந்தக் கண் கொஞ்சம் மங்கும். தையை ஒட்டிப் பாண்டிமீனா மறுபடி கொட்டகைக்கு வந்தாள். முதல் நாள் துப்பாக்கியைத் தொடாமலேயே திரும்பிப் போனாள். இரண்டாம் நாள் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள். மூன்றாம் நாள் இரண்டு பேரும் மேஜைமுன் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கட்டை பூட்டிய துப்பாக்கி இசைவாணியிடம். சுடுவதற்கு முன் இருவரும் குழாயில் குச்சியை விட்டு அதன் பாதையைப் பார்த்தார்கள். இருவர் உள்ளங்கையும் வேர்த்திருந்தது.

"நீ மொதல்ல சுடு" என்றாள் பாண்டிமீனா.

"இல்லக்கா, நீங்க."

கடைசியில் இரண்டு துப்பாக்கிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் 'டப்' என்றன. இசைவாணியின் குண்டு ஆறில் பட்டது. பாண்டிமீனாவின் குண்டு எங்கே பட்டது என்று இரண்டு பேருக்கும் வெகுநேரம் பார்க்கத் தோன்றவில்லை.